குதிரைத்திறனை மட்டும் பார்க்காதீர்கள்!

மாணவர்களே, முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் 30 ஆண்டுகள் உழைத்த ஓர் இயந்திரம் ஒருநாள் காலையில் நின்றுவிடுகிறது. இரும்புச் சட்டம், சக்கரம், பற்சக்கரம் எல்லாம் நன்றாகவே உள்ளன. இன்ஜின் மட்டும் போய்விட்டது. அந்த இன்ஜினைச் செய்த தொழிற்சாலையோ மூடப்பட்டுவிட்டது. இயந்திரத்தைத் தூக்கி எறிவீர்களா?

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பல குடும்பங்கள் குளிர்காலத்தில் இந்தக் கேள்வியைச் சந்திக்கின்றன. அங்கே ஒரே இரவில் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டும். அதை அகற்றாமல் காரை வெளியே எடுக்க முடியாது. இதற்காகவே கையால் தள்ளிச் செல்லும் பனி அகற்றும் இயந்திரங்கள் உள்ளன. முன்னால் இருக்கும் திருகு போன்ற அலகு சுழன்று பனியை உள்ளே இழுக்கும். பின்னால் இருக்கும் விசிறி அதைக் குழாய் வழியாகத் தூர வீசும். கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார்ட் 1925இல் லாரியில் பொருத்திய பெரிய பனி வீசும் இயந்திரத்தை உருவாக்கினார். வீட்டு இயந்திரங்கள் அதே வேலையைச் சிறிய அளவில் செய்கின்றன.

இவற்றில் பலவற்றை நீண்ட காலம் இயக்கியது டெக்கம்சே நிறுவனத்தின் 'ஸ்னோ கிங்' இன்ஜின். 2008இல் அந்த நிறுவனத்தின் இன்ஜின் உற்பத்தி நின்றது. ஆனால் பழைய இயந்திரங்கள் எல்லாம் குப்பைக்குப் போகவில்லை. பலர் வேறு நிறுவனத்தின் இன்ஜினை வாங்கிப் பொருத்தி, அதே இயந்திரத்தை இன்னும் ஓட்டுகிறார்கள். இது எப்படி முடிகிறது என்பதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

புதிய இன்ஜின் வாங்கப் போனால் நம் கண் முதலில் தேடுவது குதிரைத்திறனை. 6.5 என்றால் 5.5ஐ விட மேல் என்று உடனே முடிவு செய்துவிடுவோம். ஆனால் ஹோண்டாவின் புகழ்பெற்ற ஜிஎக்ஸ்200 இன்ஜினைப் பாருங்கள். அதன் கொள்ளளவு 196 சிசி. ஒரு காலத்தில் அதை 6.5 குதிரைத்திறன் என்றார்கள். பிறகு அதே 196 சிசி இன்ஜினை 5.5 என்றார்கள். இன்ஜின் இளைத்துப் போகவில்லை. அளக்கும் முறைதான் கடுமையானது.

அமெரிக்காவில் புல்வெட்டும் இயந்திரங்களின் குதிரைத்திறனை மிகைப்படுத்திக் காட்டியதாக 2004இல் வழக்கே தொடுக்கப்பட்டது. நிறுவனங்கள் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 2010இல் சமரசத்துக்கு வந்தன. இன்று பல சிறிய இன்ஜின்களின் மேல் குதிரைத்திறனுக்குப் பதிலாகக் கொள்ளளவோ முறுக்குவிசையோ அச்சிடப்படுகிறது.

இதை நீங்களே கணக்கிடலாம். திறன் என்பது முறுக்குவிசையைக் கோண வேகத்தால் பெருக்கி வருவது. நிமிடத்துக்கு 3,600 சுற்று என்றால் விநாடிக்கு 60 சுற்று, அதாவது ஏறக்குறைய 377 ரேடியன். முறுக்குவிசை 11 நியூட்டன் மீட்டர் என்றால் திறன் சுமார் 4,150 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 5.56 வரும். லேபிளில் உள்ள எண்ணைச் சோதிக்க இயற்பியல் பாடமே போதும்.

சரி, எண் உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம். அந்த இன்ஜின் உங்கள் இயந்திரத்தில் உட்காருமா? சிறிய பனி இயந்திரங்கள் பலவற்றில் இன்ஜின் தண்டின் விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். சந்தையில் 20 மில்லிமீட்டர் தண்டும் உண்டு. வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் பெல்ட்டைச் சுழற்றும் பழைய கப்பி அதில் ஏறவே ஏறாது. தண்டின் நீளம், தரையிலிருந்து அதன் உயரம், சுழலும் திசை, அடியில் உள்ள போல்ட் துளைகளின் இடைவெளி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சில பழைய மாடல்களில் இரண்டாவது தண்டு ஒன்று இருக்கும். அது முதல் தண்டின் பாதி வேகத்தில் சுழலும். அத்தகைய இயந்திரத்துக்கு மாற்று இன்ஜின் தேடுவது பெரிய தலைவலி.

அடுத்தது குளிர். வெப்பநிலை 30 டிகிரியிலிருந்து மைனஸ் 20க்கு இறங்கினால், அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 20 விழுக்காடு கூடும். கெல்வினில் 303ஐ 253ஆல் வகுத்தால் இது புரியும். காற்று அதிகம் நுழைவதால் பெட்ரோலும் அதிகம் வேண்டும். வெப்பக் காலத்துக்குச் சரிசெய்த கார்புரேட்டரோடு பனியில் இறங்கினால் இன்ஜின் ஒரே சீராக ஓடாமல் ஏறி இறங்கி இரையும்.

காற்று வடிகட்டியிலும் ஒரு வேடிக்கை உண்டு. பனி இன்ஜின்களில் பொதுவாக அது இருக்காது. பனித்துகள் அதில் படிந்து உறைந்து காற்று வழியை அடைத்துவிடும் என்பதே காரணம். பனிக்காலத்தில் தூசு குறைவு என்பதால் அதனால் பாதகமில்லை. அதே இன்ஜினை நம் ஊர்ப் புல்வெட்டும் இயந்திரத்தில் மாட்டினால் தூசும் மணலும் உள்ளே போய் சிலிண்டரைத் தேய்த்துவிடும். ஆக, எது சிறந்த இன்ஜின் என்று கேட்பது பாதிக் கேள்விதான். எந்த இயந்திரத்துக்கு, எந்த ஊருக்கு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

என் கருத்து இதுதான். ஒரு பொருள் நீண்ட நாள் வாழ்வதற்கு அதன் திறனைவிடப் பொது அளவுகளே அதிகம் உதவுகின்றன. பல நிறுவனங்கள் ஒரே விட்டத் தண்டைச் செய்ததால்தான், ஒரு நிறுவனம் உற்பத்தியை நிறுத்திய பிறகும் அதன் இன்ஜினைச் சுமந்த இயந்திரம் உழைக்கிறது. தனி வழி போனவர்களின் இயந்திரங்கள் இன்ஜின் நின்றதும் இரும்புக் கடைக்குப் போகின்றன. நட்டம் வாங்கியவருக்குத்தான்.

"பெட்ரோல் இன்ஜின் புகை கக்குமே, மின்கலத்தில் ஓடும் புதிய இயந்திரம் வாங்குவது நல்லதல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காற்றுக்கு அதுவே நல்லது. ஆனால் ஒரு நிறுவனத்தின் மின்கலம் பெரும்பாலும் இன்னொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்துவதில்லை. நாளை அந்த மின்கலத்தின் உற்பத்தி நின்றால் நல்ல மோட்டாரும் சேர்ந்து குப்பைக்குப் போகும். புகையைக் குறைக்கப் போய்க் குப்பையைக் கூட்டிவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல், கையடக்கப் பொருள்களின் மின்கலத்தைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியுள்ளது. சில விதிவிலக்குகள் இருந்தாலும் இது நல்ல தொடக்கம். பொது அளவும் வந்தால்தான் அது முழுமை பெறும்.

நம் நாட்டில் பனி பெய்யாது. ஆனால் இரவுச் சந்தையில் விளக்கெரிக்கும் ஜெனரேட்டரிலும், சாலையோரம் புல்வெட்டுபவரின் கையிலும் சிறிய இன்ஜின்கள் ஓடுகின்றன. உங்கள் பையில் கைப்பேசி இருக்கிறது. அடுத்த முறை வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கப் போகும்போது, கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த எண்ணை எப்படி அளந்தார்கள்? இதில் முதலில் கெடக்கூடிய பாகம் எது? அதை வேறு நிறுவனத்திடம் வாங்கிப் பொருத்த முடியுமா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.