அபராதம் சரி, லாரி விலை?

2024 மார்ச்சில் பெங்களூருவில் காவிரிக் குடிநீரில் கார் கழுவியது, செடிக்கு ஊற்றியது போன்ற குற்றங்களுக்காக 22 வீடுகளிடம் தலா 5,000 ரூபாய் வசூலித்தது குடிநீர் வாரியம். மறுபடி சிக்கினால் நாளுக்கு 500 ரூபாய் கூடுதல் என்றும் அறிவித்தது. தடை நியாயமானதே. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து, பல நூறு மீட்டர் மேலேற்றிக் கொண்டுவரும் தண்ணீர் அது. போர்டிகோவில் ஹோஸ் பிடித்து விளையாடுவதற்கல்ல.

ஆனால் குழாயே இல்லாதவர் எதைச் சிக்கனம் செய்வது? 2007-இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களில் பலவற்றுக்குக் காவிரி அப்போது எட்டியிருக்கவில்லை. போர்வெல் வற்றியதும் தண்ணீர் லாரிக்காரர் சொன்னதே விலையாக இருந்தது. பிறகு ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்தது. கார் கழுவுபவரைத் தேடிப் பிடிக்கும் ஆட்கள் லாரி ரசீதையும் கொஞ்சம் பார்த்திருக்கலாமே!

மால், திரையரங்குகளில் குடிப்பதற்கு மட்டும்தான் குடிநீர் என்றும் வாரியம் அப்போது உத்தரவிட்டது. வணிக வளாகக் குழாய்களில் நீரைக் குறைத்துவிடும் ஏரேட்டரையும் கட்டாயமாக்கியது. சில நூறு ரூபாய்ச் செலவு, பலன் அதிகம். கட்டுமான நிறுவனங்கள்தான் பெரிய தலைவலி. கான்கிரீட்டுக்குக் காவிரி நீர் கூடாதென்றால் அவை போர்வெல்லைத்தான் உறிஞ்சும், பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து வற்றும். சுத்திகரித்த கழிவுநீரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தால் போதாது. கட்டுமான இடத்துக்கே அதைக் கொண்டுசேர்க்கும் லாரிகளை வாரியமே ஓட்டட்டும். பெரிய நுகர்வோரின் மீட்டர் கணக்கையும் மாதாமாதம் வெளியிடட்டும்.