அந்த மேலங்கி யாருடையது?

'பஃபி த வம்பயர் ஸ்லேயர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2003ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி நிறைவெய்தியது. தொடர் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதில் வந்த ஸ்பைக் என்ற இரத்தக் காட்டேரிக்கு வாய்த்த பக்தர் கூட்டம் இன்னும் கலையவில்லை. பக்தர் என்ற சொல்லை நன்கு தெரிந்தே எழுதுகின்றேன். இரசிகர் தாம் விரும்பும் பாத்திரத்தின் குறையையும் காண்பார். பக்தரோ குறை சொல்பவரைப் பகைவராகக் காண்பார். என் வழக்கு பக்தர்களோடு மட்டுமே.

தொடரை அறியாத வாசகர்களுக்காகச் சில விபரங்கள். கலிபோர்னியாவில் சன்னிடேல் என்ற கற்பனை ஊர். அங்கே காட்டேரிகளை வேட்டையாடப் பிறந்தவள் பஃபி என்ற இளம் பெண். 1997 செப்டெம்பரில், இரண்டாம் பருவத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், ஊரின் வரவேற்புப் பலகையைக் காரால் இடித்து வீழ்த்தியபடி ஸ்பைக் வந்திறங்கினான். வெளிறச் சாயமேற்றிய தலைமயிர், இலண்டன் தெருப்பேச்சு, கணுக்கால் வரை நீண்ட கறுப்புத் தோல் மேலங்கி. தன் இனத்தாரின் சடங்குகளையும் அவர்கள் வணங்கிய தலைமையையும் அவன் எள்ளி நகையாடினான். வந்த அத்தியாயத்திலேயே அத்தலைமையை வெயிலில் ஏற்றிச் சாம்பலாக்கினான். சில அத்தியாயங்களில் கொல்லப்படுவதற்கென்றே படைக்கப்பட்ட பாத்திரம் அது. ஜேம்ஸ் மாஸ்டர்ஸ் என்ற நடிகரின் திறமையும் பார்வையாளரின் ஆரவாரமும் அதைச் சாகவிடவில்லை.

இதில் வியப்பில்லை. 'டார்க் ஷாடோஸ்' தொடரில் 1967இல் சில வாரங்களுக்கென நுழைந்த பர்னபஸ் கொலின்ஸ் என்ற காட்டேரியும் இவ்வாறே இரசிகர்களின் தயவால் 1971 வரை நிலைத்தான். ஒழுங்கை மீறுபவனை மனிதமனம் விரும்பும். பகலெல்லாம் அதிகாரிக்குத் தலையாட்டிவிட்டு வீடு திரும்புகின்றவருக்கு எவருக்கும் தலையாட்டாத ஒருவனைத் திரையில் காண்பது ஆறுதல். அந்த ஆறுதலைப் பரிகசிப்பவர் கூட்டத்தில் நான் இல்லை.

ஆனால் கலகக்காரன் என்ற அந்தத் தோற்றத்துக்கு அடையாளமாக விளங்கும் மேலங்கி எங்கிருந்து வந்தது?

2000 நவம்பரில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயம் அதனைக் காட்டுகின்றது. 1977இல் நியூயோர்க் நகரின் நிலக்கீழ் புகையிரதம் ஒன்றில் நிக்கி வூட் என்ற கறுப்பின வேட்டைக்காரியை ஸ்பைக் கழுத்தை முறித்துக் கொல்கின்றான். உயிர் பிரிந்த உடலிலிருந்து மேலங்கியை உருவித் தான் அணிந்துகொள்கின்றான். இரசிகர் உலகம் கொண்டாடிய, பொம்மைகளுக்கும் உடுத்தி விற்கப்பட்ட அந்தக் கறுப்பு மேலங்கி ஒரு பிணத்திலிருந்து களவாடப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு சின்னஞ்சிறு மகன் இருந்தான் என்பதைத் தொடர் நமக்குச் சொன்னது ஏழாம் பருவத்தில்தான்.

அந்த மகன் றொபின் வூட் வளர்ந்து பாடசாலை அதிபராகச் சன்னிடேலுக்கு வருகின்றான். ஸ்பைக்கின் மேலங்கியைக் கண்டு, எங்கே வாங்கியதென வினவுகின்றான். நியூயோர்க்கில் என்று சொல்லிவிட்டு ஸ்பைக் தன் போக்கில் போகின்றான். தாயின் உடையைக் கொலைகாரன் அணிந்து நிற்க, அதன் அழகைப் பற்றி நாகரிகமாகப் பேச வேண்டிய நிலை மகனுக்கு. 2003 மார்ச்சில் றொபின் பழிதீர்க்க முயன்று தோற்கின்றான். அவனை அடித்து வீழ்த்திய ஸ்பைக் மேலங்கியை மறுபடியும் மாட்டிக்கொண்டு வெளியேறுகின்றான். இன்னொரு முறை முயன்றால் ஸ்பைக் கொல்வதைத் தானும் தடுக்கமாட்டேன் என்று கதாநாயகியே றொபினை எச்சரிக்கின்றாள்.

பக்தர்களுக்கு இது தங்கள் நாயகனின் வெற்றி. றொபின் அவர்களுக்கு ஓர் இடையூறு. தாயை இழந்தவன் இடையூறாகவும், கொன்றவன் அனுதாபத்துக்குரியவனாகவும் மாறும் இந்த இரசவாதத்தைப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்கள் நன்கறிவர். கொலை வழக்கு ஒன்றில் கொலைகாரனின் பெயர், படம், இளமைக்காலம், காதல் எல்லாம் பத்தி பத்தியாக அச்சேறும். இறந்தவர் முதல் நாள் செய்தியில் ஒரு வரி. ஒரு மாதம் கழித்து அவரது பெயரை வாசகரிடம் கேட்டுப் பாருங்கள்.

பக்தர்களிடம் மூன்று வாதங்கள் உண்டு.

முதலாவது, காட்டேரிக்கு ஆன்மா இல்லை, ஆகவே அந்தக் குற்றங்கள் அவனுடையவை அல்ல என்பது. நல்லது. ஆன்மா இல்லாத அதே ஸ்பைக், பஃபியின் தங்கையைக் காட்டிக்கொடுக்க மறுத்து 2001இல் சித்திரவதையைத் தாங்கினான். அது யாருடைய செயல்? அவனுடையது, ஆன்மா இல்லாமலே அன்பு செய்த அதிசயப் பிறவி அவன் என்று இதே பக்தர்கள் உருகுவார்கள். வரவு அவன் பெயரில், செலவு பேயின் பெயரில் என்றால் அது என்ன கணக்கு? எந்தக் கடையில் அந்தப் பேரேட்டை ஒப்புக்கொள்வார்கள்?

இரண்டாவது, மற்றவர்களும் குற்றம் செய்தார்களே என்பது. செய்தார்கள். ஏஞ்சல் கொன்றான், வில்லோ ஒருவனை உயிரோடு தோலுரித்தாள். அயலவன் பட்ட கடனைக் காட்டி நம் கடனை அடைக்க முடியாது.

மூன்றாவது, எல்லாம் கற்பனைதானே என்பது. கற்பனைதான். அந்தக் கற்பனைப் பாத்திரத்தின் முடிவுக்காக அழுதவர்கள், இன்னொரு கற்பனைப் பாத்திரத்துக்காக அழக் கேட்டால் மட்டும் ஏன் திடீரென உண்மை உலகுக்குத் திரும்பிவிடுகின்றார்கள்?

இனி என் வழக்கின் மையத்துக்கு வருகின்றேன். 2002 மே 7ஆம் திகதி ஒளிபரப்பான அத்தியாயத்தில் ஸ்பைக் பஃபியைக் குளியலறையில் வன்புணர முயன்றான். பக்தர்களில் ஒரு சாரார் அந்தக் காட்சியை எழுதியவர்கள் மீதே பாய்ந்தனர். பாத்திரத்தின் இயல்புக்கு முரணாம், வேண்டுமென்றே கெடுத்துவிட்டார்களாம். புகையிரதத் தண்டவாள ஆணிகளால் மனிதரைச் சித்திரவதை செய்தே 'ஸ்பைக்' என்ற பெயரைச் சம்பாதித்தவன் என்று முதல் அறிமுகத்திலேயே சொல்லப்பட்ட பாத்திரத்துக்கு எது முரண்? பஃபியைச் சங்கிலியால் கட்டி வைத்துக் காதல் சொன்னவனுக்கு எது முரண்?

அந்தக் குற்றத்தைத் தாங்க முடியாமல்தான் ஸ்பைக் ஆபிரிக்கா வரை சென்று கொடிய சோதனைகளைக் கடந்து தன் ஆன்மாவைக் கேட்டுப் பெற்றான். 2002 ஒக்டோபரில் ஒரு தேவாலயத்தின் இருளில், உடல் பொசுங்கப் பொசுங்கச் சிலுவையின் மேல் சாய்ந்து கிடந்தான். அந்தத் தொடரின் மிகச் சிறந்த காட்சிகளுள் அதுவும் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. குற்றம் இல்லையென்று பக்தர் சொன்னால் அந்தச் சிலுவை எதற்கு? செய்யாத தவறுக்கா அவன் எரிந்தான்? அவனது குற்றத்தைக் கழுவித் துடைப்பவர்கள் அவனது மனந்திருந்தலையும் சேர்த்தே கழுவி ஊற்றுகின்றார்கள். ஸ்பைக்கை மிகச் சிறியவனாக்கியவர்கள் அவனது பகைவர்கள் அல்லர், பக்தர்களே.

அவன் தன்னைப் பற்றித் தந்த வாக்குமூலமும் இருக்கின்றது. 'ஏஞ்சல்' என்ற கிளைத்தொடரில் 2004 ஜனவரியில் வந்த அத்தியாயம் அது. சிறு வயதில் வேறொருவனால் கொடுமைக்குள்ளான டானா என்ற பெண், அந்தக் கொடியவன் இவனே என்று மயங்கி ஸ்பைக்கின் இரு கைகளையும் துண்டித்துவிடுகின்றாள். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி அவன் அவளைச் சபிக்கவில்லை. கொன்ற காலத்தில் தான் கொல்லும் இன்பத்திலேயே மூழ்கியிருந்ததாகவும், பலியானவர்களைத் திரும்பிப் பார்த்ததே இல்லை என்றும் ஏஞ்சலிடம் ஒப்புக்கொள்கின்றான். தவறான ஆளிடமிருந்து வந்த தண்டனையை ஏறக்குறைய நியாயமென்றே ஏற்கின்றான். அவன் ஒப்புக்கொண்டதை ஒப்புக்கொள்ள அவனது பக்தர்களுக்கு மனமில்லை.

தொடரை எழுதியவர்களும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்ப முடியாது. டானாவுக்கு ஓர் அத்தியாயம் கொடுத்தவர்கள் றொபினுக்கு ஒரு நேர்மையான மன்னிப்பைக்கூடக் கொடுக்கவில்லை. 2004 மே மாதம் ரோம் நகரில் ஒரு வெடிப்பில் அந்த மேலங்கி அழிந்தது. தீய சட்ட நிறுவனத்தின் ரோம் கிளை, அதே போன்ற புதிய மேலங்கிகளை ஸ்பைக்குக் கொடுத்தது. காட்சி நகைச்சுவைக்காக எழுதப்பட்டது. நிக்கி வூட்டின் உடலில் இருந்த ஒரே உண்மையான பொருள் அன்று மறைந்தது. எஞ்சியது எத்தனை வேண்டுமானாலும் தைக்கக்கூடிய ஓர் உடை. பக்தர்கள் கேட்டதும் அதைத்தான்: இரத்தக்கறை இல்லாத கலகம்.

அதிகாரத்தை எதிர்ப்பவனே கலகக்காரன். இரவுநேரப் புகையிரதத்தில் ஒரு தாயைக் கொன்று அவளது உடையைப் பறிப்பவனுக்கு வேறு பெயர் உண்டு. ஸ்பைக் இரண்டாமவனாக இருந்து, பெருவிலை கொடுத்து, வேறொருவனாக மாற முயன்ற பாத்திரம். அந்த முயற்சியை நேசியுங்கள். அதற்கு அவன் தகுதியானவன். ஆனால் அந்தக் கறுப்பு மேலங்கியைப் புகழ வாய் திறக்குமுன், அதன் சொந்தக்காரியின் பெயரை ஒரு முறை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நிக்கி வூட்.