‘விருப்ப அறுவை’: யாருடைய விருப்பம்?

மருத்துவம் பற்றிய ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கும்போதெல்லாம் ‘எலெக்டிவ்’ என்ற சொல்லிடம் வந்து நின்றுவிடுகிறேன். உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத, நாள் குறித்துச் செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர்கள் இட்ட பெயர் அது. ‘விருப்ப அறுவை’ என எழுதுவோர் உண்டு. ஆனால் விரும்புவது யார்? நோயாளியா, மருத்துவமனை முதலாளியா?

2018 செப்டம்பரில் ராஞ்சியில் பிரதமர் தொடங்கிவைத்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று முழங்குகிறது. மருத்துவமனையில் படுத்தால்தான் அந்தப் பணம் என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் ஆயுள் முழுதும் விழுங்கும் மாத்திரைக்கு அந்த அட்டை உதவாது. நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தனர் என்று 2021-22க்கான அரசுக் கணக்கே ஒப்புக்கொள்கிறது.

எதற்கு விலை குறிக்கப்பட்டிருக்கிறதோ அதுவே சிகிச்சையாகிறது. இதற்கு முந்தைய காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 30 ஆயிரம் ரூபாய்தான் வரம்பு. அந்தச் சிறு தொகைக்கே பீகாரிலும் சத்தீஸ்கரிலும் ஏழைப் பெண்களின் கருப்பைகள் தேவையின்றி அகற்றப்பட்டன. 2012இல் அது அம்பலமானது. உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தச் சொன்னது 2023 ஏப்ரலில். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகையுடன் வாழ்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் வயிறார உணவும் தந்தால் எந்தத் தனியார் மருத்துவமனைக்கும் இலாபமில்லை. கருப்பையை எடுத்தால் இருக்கிறது.

பழைய கதை என்று தள்ளிவிட இயலாது. 2024 நவம்பரில் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டக் கிராமம் ஒன்றில் அகமதாபாத் தனியார் மருத்துவமனை இலவச முகாம் நடத்தியது. அங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டோரில் ஏழு பேருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. இருவர் இறந்தனர். ‘குஜராத் மாதிரி’ என்பது இதுதான் போலும்.

அதே 2024 மார்ச்சில், காசநோயாளிகள் அன்றாடம் உண்ண வேண்டிய மருந்து பல மாநிலங்களில் தட்டுப்பட்டது. உள்ளூரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடிதம் எழுதியது ஒன்றிய அரசு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களில் இருக்க வேண்டிய சிறப்பு மருத்துவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இல்லை என்கின்றன 2021-22க்கான அரசுப் புள்ளிவிவரங்கள். வீடு வீடாக ஏறி இறங்கும் ஆஷா சகோதரிகளுக்கு இன்றும் ஊதியமில்லை, ஊக்கத்தொகைதான். உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 விழுக்காட்டை 2025க்குள் அரசு சுகாதாரத்துக்குச் செலவிடும், அதில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாமல் ஆரம்ப சுகாதாரத்துக்குப் போகும் என்று எழுதிவைத்தது இவர்களே கொணர்ந்த 2017ஆம் ஆண்டுக் கொள்கை. ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிட்டது 2021-22இல் 1.84 விழுக்காடு.

ஏழைக்கு மூட்டு மாற்று அறுவை வேண்டாமா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கட்டாயம் வேண்டும். நாற்று நட்டே முழங்கால் தேய்ந்த பெண்ணுக்கு அது ஆடம்பரமல்ல. கண்புரை அறுவையும் அவ்வாறே. காத்திருக்க முடியும் என்பதாலேயே ஒரு சிகிச்சை தேவையற்றதாகிவிடாது. அரசு மருத்துவமனையில், சம்பளம் பெறும் மருத்துவர், தேவையைப் பார்த்து அதைச் செய்யட்டும் என்கிறோம். அறுவைக்குத் தலா இவ்வளவு என்று வாங்குகிறவனிடம் தேவையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் ஒப்படைத்துவிட்டு, பொதுப்பணத்தை அவன் வாசலில் கொட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

நம் கிளைகள் பலவும் காப்பீட்டு அட்டை வாங்கித்தரும் முகாம்களை நடத்துகின்றன. அட்டை இல்லாதவர் தெருவில் நிற்க நேரும் நிலையில் அதைக் குறைசொல்ல மாட்டேன். அட்டைக்கு மனு எழுதும் அந்த மேசையருகே இன்னொரு மேசையும் போடுங்கள், தோழர்களே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த மருந்து எத்தனை நாளாக இல்லை, மருத்துவர் பணியிடம் எத்தனை காலமாகக் காலியாயிருக்கிறது என்று வருவோரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அந்தத் தாள்களோடு போவோம்.