ஆரஞ்சுத் தோலும் குப்பைதான்

மலையில் பிளாஸ்டிக் போடக்கூடாது என்பது முதல்முறை ஏறுகிறவருக்கும் இன்று தெரிந்திருக்கிறது. 2019 ஜனவரி முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகமெங்கும் தடை இருக்கிறது. கோவையருகே வெள்ளியங்கிரி மலைத்தொடரின் அடிவாரத்தில் வனத்துறையினர் பையைத் திறந்து பார்த்துத்தான் மேலே விடுகிறார்கள். அந்தச் சோதனையைக் கடந்து போனவர் இரண்டாவது மலையில் இளைப்பாற உட்காருகிறார், ஆரஞ்சை உரிக்கிறார், தோலைப் புதருக்குள் எறிகிறார். வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, மீந்த தயிர்சாதம், அதைக் கட்டிவந்த வாழையிலை எல்லாம் அதே புதருக்குத்தான் போகின்றன. கேட்டால், "மக்கிடும்ங்க, மரத்துக்கு உரம்தானே" என்கிறார்கள். சூழலியல் பேசுகிறவர்கள்கூட இதையே சொல்கிறார்கள். இது தவறான நம்பிக்கை. தீங்கில்லாதது என்று நாம் நம்பிவிட்டதாலேயே இந்தக் குப்பையைத் தடுக்க யாரும் இல்லை.

ஒரு பொருள் மக்க வேண்டுமானால் சூடு, ஈரம், நுண்ணுயிர், புழு பூச்சி எல்லாம் ஒன்றுகூட வேண்டும். வீட்டு உரக்குழியில் நாம் அதற்காகத்தான் நீர் தெளிக்கிறோம், கிளறுகிறோம், மூடிவைக்கிறோம். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ 2,000 மீட்டருக்கு மேல் ஒரு புல்வெளி முகட்டில் கிடக்கும் தோலுக்கு இதில் எது கிடைக்கும்? இரவில் குளிர், பகலில் வெயில், ஓயாத காற்று. தோல் காய்ந்து விறைத்து மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். முட்டை ஓட்டுக்கு இன்னும் நாளாகும். வெள்ளியங்கிரியில் ஆட்கள் ஏறுவது பிப்ரவரி முதல் மே வரை. பெரும்பகுதி மழையில்லாத காலம். அந்தச் சில மாதங்களில் லட்சக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள். முதல் தோல் மக்குமுன் அதன்மேல் ஆயிரம் தோல் விழுந்துவிடும்.

காட்டில் இலை உதிரவில்லையா, மிளா சாணி போடவில்லையா என்று திருப்பிக் கேட்பவர்கள் உண்டு. அந்த இலையும் சாணியும் அந்தக் காட்டின் மண்ணிலிருந்து வந்தவை, அந்த மண்ணுக்கே திரும்புகின்றன, காடு முழுக்கப் பரந்து விழுகின்றன. நம் கழிவு சமவெளியிலிருந்து பையில் வருகிறது. பாதையோரமாகவும் நாம் உட்காரும் பாறையைச் சுற்றியும் மட்டும் குவிகிறது.

மக்குமா மக்காதா என்பதைவிடப் பெரிய கேள்வி, அதுவரை அதை யார் தின்கிறார்கள் என்பது. குரங்குக்குப் பழத்தோல் போடுவது புண்ணியம் என்று மனமார நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பாதையில் தீனி கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட குரங்கு காட்டுக்குள் கனி தேடிப் போவதைக் குறைத்துக்கொள்கிறது. சில நாளில் கையிலிருப்பதைப் பிடுங்குகிறது. தர மறுத்தால் கடிக்கிறது. பிறகு புகார் போகிறது, கூண்டு வருகிறது. வேறொரு கூட்டம் ஆளும் முன்பின் தெரியாத காட்டில் கொண்டுபோய் அதை விடுகிறார்கள். புண்ணியம் என்று தொடங்கியது இங்கேதான் முடிகிறது.

சிங்கவால் குரங்கு மர உச்சியிலேயே வாழ்நாளைக் கழிக்கும் இனம். தரைக்கு அரிதாகத்தான் வரும். வால்பாறை புதுத்தோட்டத்தில் அது சாலைக்கும் வீட்டுக் கூரைக்கும் வருகிறது. காடு துண்டுதுண்டானது முதற்காரணம். மனிதர் போடும் உணவு அதை அங்கேயே நிறுத்திவைக்கிறது. வண்டியில் அடிபட்டுச் சாவதைக் குறைக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்ட வேண்டியதாயிற்று.

யானை பிளாஸ்டிக்கைத் தேடித் தின்பதில்லை. சோற்றின் வாசனையும் உப்பும்தான் அதை இழுக்கின்றன. பை அவற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது. கோவை மருதமலைப் பக்கம் சோமையம்பாளையம் குப்பைக்கிடங்குக்கு வந்த யானைகளின் சாணத்தில் பிளாஸ்டிக் உறைகள் கிடைத்தன. ஆகவே, நான் மக்கும் குப்பைதானே போட்டேன் என்று ஒருவர் தனியே விலகிக்கொள்ள முடியாது. ஒருவர் எறிந்த தயிர்சாதம் அழைத்துவரும் விலங்கு, அடுத்தவர் எறிந்த உறையையும் தின்கிறது. காட்டுப்பன்றியும் காக்கையும் இதே வாசனைக்கு வரும். வந்த இடத்தில் தரையிலும் புதரிலும் கூடு கட்டும் பறவைகளின் முட்டையையும் தின்னும். ஊர் நாய்கள் பின்தொடர்ந்து மேலே வந்தால் வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற நாய்நோயும் செந்நாய்களுக்குத் தொற்றக்கூடும்.

இதே நம்பிக்கையின் இன்னொரு முகம் நீரோடையில் தெரிகிறது. மலம் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று ஓடைக்கரையிலேயே ஒதுங்குகிறார்கள். நொய்யல் பிறப்பது வெள்ளியங்கிரியில்தான். மேலே கலப்பதைக் கீழே இருப்பவர்கள் குடிக்கிறார்கள். நீரிலிருந்து எழுபது தப்படியாவது தள்ளி, அரை அடிக் குழி வெட்டி, மண் போட்டு மூட வேண்டும். ஈர டிஷ்யூ பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை கலந்தது, அதைப் புதைக்கக்கூடாது. சோப்பு வேண்டாம், சீயக்காய் இயற்கைதானே என்று சுனையில் தலை அலசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை வரவைக்கும் சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும் நஞ்சு. இயற்கையான பொருள் என்பதால் அது சுனைக்கு ஏற்றதாகிவிடாது.

2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்தது. வழிகாட்டிகளாகப் பழங்குடியினரும் காட்டோர ஊர்க்காரர்களும் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். இதுவரை மலைப்பக்கமே போகாதவர்கள் வருகிறார்கள், வரட்டும். காட்டைப் பார்க்காதவர்கள் அதற்காகப் பேச மாட்டார்கள். ஆனால் புறப்படும் இடத்தில் பிளாஸ்டிக்கைப் பற்றி மட்டும் பேசி அனுப்பினால், மற்றதையெல்லாம் எறியலாம் என்று சொல்லி அனுப்பியதாகவே ஆகும்.

செய்ய வேண்டியது எளிது. ஆரஞ்சையும் முட்டையையும் வீட்டிலேயே உரித்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். கொட்டை நீக்கிய பேரீச்சை, கடலைமிட்டாய், பொரிகடலை கழிவு வைப்பதில்லை. சோற்றைத் தின்கிற அளவு மட்டும் கட்டுங்கள். மீந்தால் அதே டப்பாவில் மூடிக் கீழே கொண்டுவாருங்கள். இலைக்குப் பதில் எவர்சில்வர் டப்பா போதும். கொண்டுவந்ததை அடிவாரத்தில் திறந்து கிடக்கும் தொட்டியில் கொட்டிவிட்டு வண்டி ஏறாதீர்கள். இரவில் யானையும் பன்றியும் முதலில் வருவது அந்தத் தொட்டிக்குத்தான். வழியில் உரித்த தோல் இருந்தால் ஊருக்கே கொண்டுபோய் உங்கள் வீட்டுச் செடித்தொட்டியில் போடுங்கள். அங்கே அது மக்கும்.