மூட்டைக்கு வைத்த மாத்திரை மூட்டையோடு நிற்குமா?

கேள்வி: நெல் மூட்டைகளை வீட்டிலேயே ஓர் அறையில் அடுக்கியிருக்கிறோம். அந்துப்பூச்சிக்காக என் வீட்டுக்காரர் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, பக்கத்து அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்கலாமா? - வாசகி, திருவாரூர் மாவட்டம்.

வேண்டாம், அம்மா. டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை என்றால் பிரிக்கவே வேண்டாம். வைத்துவிட்டீர்கள் என்றால் இன்றிரவு அந்த வீட்டில் யாரும் தங்காதீர்கள். மாத்திரையை எடுக்கிறேன் என்று நீங்களே உள்ளே போகவும் வேண்டாம். 101-ல் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

நீங்கள் சொல்வது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையாகத்தான் இருக்கும். பார்க்கக் கல் மாதிரி இருக்கும். கல்லாக இருக்கும்வரை அது வைத்த இடத்திலேயே கிடக்கும். திடப்பொருளின் துகள்கள் பந்தியில் உட்கார்ந்தவர்களைப் போல. அசைவார்கள், இடம் மாறமாட்டார்கள். தண்ணீரின் துகள்கள் சந்தைக் கூட்டம். உரசி உரசி நகரும், கூட்டத்தை விட்டுப் போகாது. வாயுவின் துகள்களோ பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓடும் பிள்ளைகள். எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவிலும் பரவும்.

காற்றிலும் நெல்லிலும் உள்ள ஈரம் பட்டதும் இந்த மாத்திரை பாஸ்பீன் என்ற வாயுவை விடுகிறது. பூச்சியைக் கொல்வது அந்த வாயுதான். 3 கிராம் மாத்திரை ஒன்று சுமார் 1 கிராம் வாயு தரும். அதன் துகள்கள் சராசரியாக வினாடிக்கு 400 மீட்டருக்கு மேல் வேகம் கொண்டவை. காற்றுத் துகள்களோடு முட்டி மோதுவதால் ஒரே நொடியில் வந்து சேராது. ஆனால் வந்து சேராமல் இருக்காது. நெல் மணிக்குள் புகுந்து புழுவைத் தேடிப் பிடிக்கும் வாயுவுக்கு, கதவிடுக்கும் ஓட்டு இடைவெளியும் சுவர் விரிசலும் தடையா? சாதாரணமாகப் போர்த்திய தார்ப்பாயின் ஓரம் வழியாகவும் அது வெளியே வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி உள்ள அறையில் ஒரே ஒரு மாத்திரையின் வாயு முழுதும் கலந்தால், காற்றின் 10 லட்சம் பங்கில் சுமார் 25 பங்கு பாஸ்பீன் இருக்கும். அமெரிக்காவில் வேலை செய்யும் இடங்களுக்கு வைத்துள்ள வரம்பு 0.3 பங்குதான்.

"கனமான வாயு, தரையிலேயே தங்கும், கட்டிலில் படுத்தால் ஒன்றும் ஆகாது" என்று சிலர் சொல்வார்கள். காற்றைவிடச் சற்றுக் கனம் என்பது உண்மை. ஆனால் மோரில் கரைந்த உப்பு அடியில் போய் உட்காருகிறதா? கலந்த வாயுவும் அப்படித்தான். வாசனை வரவில்லையே என்றும் இருந்துவிடாதீர்கள். பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற அந்த நெடி பெரும்பாலும் கூடவே வரும் கலப்புப் பொருள்களால் வருவது. தூய பாஸ்பீனுக்கு மணமே இல்லை. தண்ணீர் ஊற்றி அடக்கலாம் என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். வாயு குபுகுபுவென்று கிளம்பும், தீயும் பிடிக்கலாம்.

இந்த மாத்திரையைத் தனியாருக்குச் சில்லறையாக விற்க நம் நாட்டில் அனுமதி இல்லை. அரசு நிறுவனங்களும் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும்தான் பயன்படுத்தலாம். கடைக்காரர் கொடுத்தது தவறு. வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள்.

தலைவலி, வாந்தி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் என்று யாருக்காவது வந்தால் உடனே வெட்டவெளிக்குக் கொண்டுபோய் 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன மாத்திரை என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சையும் இதயத்தையும் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சைதான்.

சரி, அந்துப்பூச்சிக்கு என்ன செய்வது? நல்ல வெயிலில் நெல்லைக் காயவைத்து, ஈரம் 12 சதவீதத்துக்கு வந்ததும் ஆறவிட்டு மூட்டை கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்க்கும். காற்றுப் புகாத சேமிப்புப் பைகள் இப்போது கிடைக்கின்றன. பூச்சிக்கு மூச்சுவிடக் காற்று இல்லாமல் போய்விடும். பழைய சாக்கை வெந்நீரில் அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். அடியில் மரச்சட்டம் போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். ஈரமானி இல்லையென்றால் நாலு நெல்லைப் பல்லில் கடித்துப் பாருங்கள். 'டக்'கென்று உடைந்தால் கட்டலாம், நசுங்கினால் இன்னொரு நாள் வெயில் வேண்டும்.