நான் இல்லாத ஒரு வாரம்

எம்.பி.ஏ. படிக்கும்போது ஐந்து பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட். தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர் லாரிகள் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றன என்று கணக்கெடுக்க வேண்டும். டீம் லீடர் அடியேன்தான். "ஒருத்தனும் வேலை செய்ய மாட்டேங்கிறான்" என்று புலம்பிக்கொண்டே எல்லாவற்றையும் நானே செய்தேன்.

முடிக்க ஒரு வாரம் இருக்கும்போது காய்ச்சலில் படுத்துவிட்டேன். டிரைவர்களிடம் கேட்ட விவரம், எக்செல் கணக்கு எல்லாம் என் லேப்டாப்பில். பாஸ்வேர்டு என் மண்டையில். மற்ற நாலு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

படுத்தபடி யோசித்தபோது, எங்க ஊரில் கப்பல் விட்ட வ.உ.சி. ஞாபகம் வந்தார். 1906-ல் 10 லட்ச ரூபாய் மூலதனம், ஒரு பங்கு 25 ரூபாய் என்று சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். 1911-ல் கம்பெனியே கலைந்தது. வெள்ளைக்காரக் கம்பெனியின் கட்டணக் குறைப்பும் அரசாங்க நெருக்கடியும்தான் பெரிய காரணங்கள். ஆனால் அவரைப் போல இழுத்துப் பிடிக்க வெளியே ஆளில்லாததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அவரைப் பிடித்து வைத்தது சிறை. எங்களை முடக்கியது காய்ச்சல்கூட இல்லை, யாரையும் நம்பாத என் புத்தி.

போனில் பாஸ்வேர்டைச் சொன்னேன். எதுக்கும் லாயக்கில்லை என்று நான் ஒதுக்கி வைத்தவன்தான் கடைசி அத்தியாயத்தை எழுதினான். என்னைவிட நன்றாக!

டீம் லீடர்களே, ஒரு வாரம் லீவு போட்டுப் பாருங்கள். வேலை நடந்தால் நீங்கள் நல்ல லீடர்.