பாம்புக்கடி மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது? ஓசூர், கிருஷ்ணகிரி மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியது

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடிந்து இருட்டில் வீடு திரும்புபவர், தளி பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா பறிப்பவர் என யாரை வேண்டுமானாலும் பாம்பு கடிக்கலாம். 2024 பிப்ரவரியில் கர்நாடகாவும், அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடும் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கின. அதாவது, அத்திப்பள்ளியில் சிகிச்சை பெற்றாலும் ஓசூரில் பெற்றாலும் அரசின் கணக்கில் வந்தாக வேண்டும். ஆனால், ஊசியைப் பற்றிய பயம் இன்னும் போகவில்லை.

மருந்து எங்கிருந்து வருது?

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் சிறுகச் சிறுக குதிரைக்குச் செலுத்துவார்கள். அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதங்களைப் பிரித்தெடுத்தால் அதுதான் மருந்து. இதற்கான விஷத்தில் பெரும்பங்கு, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது.

'வாலை' ஏன் வெட்டுகிறார்கள்?

எதிர்ப்புரதம் 'ஒய்' எழுத்து வடிவில் இருக்கும். இரண்டு கைகள் விஷத்தைப் பிடிக்கும். வால் பகுதி, நம் நோய் எதிர்ப்பு செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றைத் தூண்டிவிடும். அதனால் பெப்சின் என்ற நொதியால் வாலை நீக்கிவிடுகிறார்கள்.

அப்புறமும் ஏன் ஒவ்வாமை?

என்ன இருந்தாலும் அது குதிரைப் புரதம்தானே! மாஸ்ட் செல்கள் தூண்டப்பட்டு ஹிஸ்டமினைக் கொட்டினால் அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வரலாம்; ரத்த அழுத்தம் குறையலாம். அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு மருத்துவர்கள் மருந்தை ஏற்றுவது இதனால்தான். ஓரிரு வாரம் கழித்து காய்ச்சல், மூட்டுவலி வந்தால் அதுவும் இந்தப் புரதத்தின் விளைவாக இருக்கலாம். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல், ஊசி போட்ட விவரத்தை மருத்துவரிடம் சொல்லணும்.

கடித்த எல்லோருக்கும் ஊசி உண்டா?

கிடையாது. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். ரத்தம் உறையாவிட்டாலோ, இமை தொங்குவது போன்ற அறிகுறி தெரிந்தாலோதான் ஊசி. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். காரணம், பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

நேரம் ஏன் முக்கியம்?

ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் மருந்து பிடிக்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்கிய பிறகு அந்தச் சேதத்தை அது சரிசெய்யாது. எனவே இறுக்கிக் கட்டாதீர்கள், கடிவாயைக் கீறாதீர்கள். கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.